சைக்கிள் சீற்றில் எரிந்த கற்பூரம்

அன்று எங்கள் வீட்டில் நின்றது நான்கு பேர்: நான், என் மனைவி, அக்கா, அவவோடு புறநகர் திரான்சியிலிருந்து வந்த அத்தான். லா சப்பலில் எங்கள் சின்ன ஹோலின் நடுவில் என் சைக்கிள் நின்றது. எழுபதுகளில் வந்த சைக்கிள். உயர்ந்த கைப்பிடி, வாழைப்பழம் மாதிரி நீண்ட சீற். துருவைச் சுரண்டி, ஊதா நிறம் அடித்து, அந்தக் காலத்துச் சீற் ஒன்றை அலைந்து தேடிப் பூட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவன் நான். முழுதாக முடித்த முதல் வேலை இதுதான்.

"பூசை செய்யாமல் ஓடக்கூடாது" என்று அத்தான் சீற்றில் வெற்றிலையை வைத்து, அதன் மேல் கற்பூரத்தை வைத்தார்.

"அத்தான், அது பிளாஸ்ரிக். உருகும். நிலத்திலை வையுங்கோ."

"உனக்கு மெற்றோவிலை ஏறவும் பயம், கற்பூரத்துக்கும் பயம்."

அக்கா சிரித்தா. மனைவியும் சிரித்தாள். நான் எதற்கும் பயப்படுகிறவன்தான். அதனால் என் பேச்சை நானே நம்பாமல் கைகூப்பினேன்.

அத்தான் கற்பூரத்தைக் கொளுத்தினார். வெற்றிலை சுருண்டது. சீற்றில் உள்ளங்கையளவு ஓட்டை. உள்ளே பஞ்சு கருகி மணத்தது.

"கண்ணூறு கழிஞ்சுது எண்டு நினை" என்றார் அத்தான்.

அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பயந்தவன் சொல்வதெல்லாம் பிழையென்று யார் முடிவு செய்தது? இப்போதெல்லாம் பயம் வந்தால் நான் யாரையும் கேட்பதில்லை. பயம் தரும் பொருளை நானே கையை நீட்டி எடுத்துவிடுகிறேன்.

"சீற்றுக்கு நான் காசு தாறன்" என்று படியிறங்கும்போது அத்தான் சொன்னார். இன்னும் தரவில்லை. தொண்ணூறு யூரோ.