பின்பக்கம் தூக்கிய பிக்கப்புகள்

பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு இரண்டே வகை வாடிக்கையாளர்கள்தான்: தூக்கு என்று திட்டுகிறவர்கள், ஏன்டா தூக்கினாய் என்று திட்டுகிறவர்கள். என்னைப் போலவே அடுத்தவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, மூக்கில் கிரீஸ் சொட்டச் சொட்ட வயிற்றைக் கழுவிய அன்பர்களே, நான் சொல்வது உங்களுக்காவது புரியும்.

எண்பதுகளில் கோல சிலாங்கூரில் சின்னதாக ஒரு ஸ்பிரிங் பட்டறை போட்டிருந்தேன். சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம். ஆளாளுக்கு ஒரு பிக்கப் வாங்கியிருந்தார்கள். செம்பனைக் குலையை வாய்கொள்ளாமல் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். உட்காராமல் இருக்க, பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் கூடுதலாக ஓர் இரும்புப் பட்டை போட வேண்டும். ஒன்று போதும். நான் மூன்று போடுவேன். கிள்ளானில் லோரிப் பட்டறையில் தொழில் படித்தவன், லோரிக் கை, குறைத்துப் போடக் கூசும்.

அந்தக் கிள்ளான் பட்டறை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் வேலையை விடும்போது, "இனிமே உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்று வசனம் வேறு பேசிவிட்டு வந்திருந்தேன். பட்டறை படுத்துக்கொண்டால் நேரே போய் அந்த மூஞ்சியில்தான் முழிக்க வேண்டும்.

முனியாண்டியின் விளக்கு

முதல் வாடிக்கையாளர் செம்பனைக் குத்தகைக்காரர் முனியாண்டி. குலை ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு மேலே போய், வண்டி விளக்கு தென்னை மரத்து உச்சியில் அடிக்கிறது என்று வந்தார். பொழுது சாய்ந்தால் பாதை தெரியவில்லை, எந்த மரத்தில் எத்தனை இளநீர் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது என்றார். "விடுங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்று மூன்று பட்டை போட்டேன். வண்டி சும்மா நிற்கும்போதே, இரை பொறுக்கும் கோழி மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள் மனிதர் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. காலி வண்டியில் விளக்கு முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி மட்டும்தான் விழுகிறதாம்.

"தம்பி, முந்தியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கிட்டுப் போனேன். இப்போ ரோட்டுல எவனோ தொலைச்ச அஞ்சு காசைத் தேடிக்கிட்டுப் போறேன் லா!"

மீன் பெட்டி

பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மீன் ஏற்றி வரும் ஆ செங் அடுத்த ஆள். ஐஸ் பெட்டிகள் கனம், பின்பக்கத்தைத் தூக்கு என்றார். தூக்கினேன். அதுவரை ஐஸ் உருகிய தண்ணீர் பின்கதவு வழியாகத் தானாக வடிந்துகொண்டிருந்தது. இப்போது தட்டு முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டதால், அத்தனை தண்ணீரும் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் குளம் கட்டி நின்றது. பெட்டியிலிருந்து நழுவிய இரண்டு கெம்போங் மீன்கள் அதில் சுகமாக மிதந்தன.

அதற்கும் என்னிடம் வைத்தியம் இருந்தது. தட்டின் முன்பக்கம் நாலு ஓட்டை போட்டுவிட்டேன். ஓட்டைக்கு நேர் கீழே எக்ஸோஸ் புகைக்குழாய் போகிறது என்பதை யார் பார்த்தார்கள்? மறுநாள் வண்டி தஞ்சோங் காராங்கைத் தாண்டும்போது மீன் தண்ணீர் சூட்டுக் குழாயில் சொட்டி, ஆவி கிளம்பி, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையோரம் ஒதுங்கிவிட்டார்களாம். ஆ செங் என் முன்னால் வந்து நின்று, மிகவும் அமைதியாக மலாயில் கேட்டார். மீன்தான் செத்துப்போச்சே, அது இன்னும் நீச்சல் வேறு அடிக்கணுமா என்று அர்த்தம்.

"தம்பி, இக்கான் சுடா மாத்தி லா. லாகி மாவ் பெர்னாங் கா?"

இறங்க மாட்டேன் என்ற மாடு

தஞ்சோங் காராங்கில் நெல் வயல் வைத்திருந்த பாக் டின், என்னிடம் தூக்கிய பிக்கப்பில் ஒரு மாடு வாங்கி வந்தார். ஏற்றும்போது பிரச்சினை இல்லை. வாய்க்கால் கரை உயரமும் என் பின்கதவு உயரமும் கச்சிதமாக ஒன்றாக இருந்ததால், வண்டியைக் கரையோடு ஒட்டி நிறுத்த, மாடு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நடந்து ஏறிவிட்டது. வீட்டு வாசலில் ஏது கரை? பலகை போட்டார்கள், செங்குத்தாக நின்றது. மாடு பலகையைப் பார்த்தது, பாக் டினைப் பார்த்தது, படுத்துக்கொண்டது.

திரும்ப வாய்க்காலுக்கே ஓட்டிப்போய் இறக்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மூன்று நாள் மாடு வண்டியிலேயே குடியிருந்தது. புல்லும் தண்ணீரும் மேலே போயின, சாணம் கீழே வந்தது. பாக் டின் சைக்கிள் மிதித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி:

"தம்பி, நான் மாடு வாங்கலே. அந்த மாடுதான் என் பிக்கப்பை வாங்கியிருக்கு."

செயின் புளோக்

இந்தச் செய்திகள் பரவ எவ்வளவு நாள் ஆகும்? ஒரு மாதமாகப் பட்டறைக்கு ஈ, காக்கை வரவில்லை. என் மனைவி சரோஜா, "ஸ்பிரிங்கை விட்டுட்டு ஏணி வியாபாரம் பண்ணுங்க. உங்க கஸ்டமர் எல்லாம் வாங்குவாங்க" என்றாள். அவளுக்கு என் மேல் வேறு கோபமும் இருந்தது. எங்கள் சொந்த பிக்கப்பில் நான் நாலு பட்டை போட்டிருந்தேன், விளம்பரத்துக்காக. சாமான் ஏற்ற அவள் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டே அலைந்தாள். இறக்கித் தொலையுங்கள் என்பாள். அடுத்த வாரம் என்பேன்.

அப்போது பார்த்து உலு யாமிலிருந்து மாமியார் வந்தார். பட்டறையிலிருந்து எல்லோருமாக எங்கள் பிக்கப்பில் கிளம்பினோம். முன் சீட்டில் சரோஜாவும் கைக்குழந்தையும். மாமியார் பின்னால்தான் உட்கார வேண்டும். முக்காலியில் ஏறினார், காலைத் தூக்கினார், எட்டவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு மறுபடி தூக்கினார், முக்காலி கவிழ்ந்தது. எனக்குத்தான் மூளை வேகமாக வேலை செய்யுமே. என்ஜின் தூக்குகிற செயின் புளோக்கில் ஒரு நாற்காலியைக் கட்டி, மாமியாரை உட்கார வைத்து, சங்கிலியை இழுத்தேன். கடகடவென்று மேலே போனார். எதிர்க் காப்பிக்கடையே எழுந்து நின்று கை தட்டியது. அந்தரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டே, மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாப்ளே, கல்யாணத்துக்கு முன்னே உங்க உயரத்தை விசாரிச்சோம். வண்டி உயரத்தை விசாரிக்காம விட்டுட்டோம்."

அம்மன் ஊர்வலம்

கிள்ளானுக்கு எந்த பஸ் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பிறந்த எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. மாரியம்மன் திருவிழா, சாமி ஊர்வலம் போகும் லோரி காலையில் மண்டையைப் போட்டுவிட்டது. கோயில் தலைவர் எங்கள் எஸ்டேட்டின் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில்தான். "உன் பிக்கப்பைக் கொண்டா. ஊர்வலம் நல்லபடி முடிஞ்சா எஸ்டேட் பிக்கப் நாலுக்கும் இனி நீதான். ஏடாகூடமா ஆச்சு, இந்தப் பக்கம் தலை வைக்காதே" என்றார். நாலு வண்டி! அது கிடைத்தால் பட்டறை பிழைத்துவிடும். கிடைக்காவிட்டால் தவுக்கே மூஞ்சிதான்.

இரும்புப் பீடத்தைத் தட்டின் முன்பக்கம் முடுக்கி, அம்மனைத் தூக்கி வைத்துக் கயிற்றால் கட்டினோம். விலகி நின்று பார்த்தால், அம்மன் முன்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தட்டு சாய்ந்தால் பீடம் சாயாதா? "என்னய்யா இது?" என்றார் கிராணி. பின்னால் பாரம் ஏற்றினால் நிமிர்ந்துவிடும் என்றேன். ஆட்களை ஏற்றலாம் என்றால், விரதம் இருந்தவர்கள்தான் சாமி வண்டியில் ஏறலாம். விரதம் இருந்தவர்கள் எல்லாம் ஒட்டி உலர்ந்து கிடந்தார்கள். கனமாக இருந்தவன் எல்லாம் முதல் நாள் ஆட்டுக்கறி தின்றவன். கடைசியில் அன்னதானத்துக்கு வைத்திருந்த பத்து மூட்டை அரிசியைப் பின்கதவு ஓரமாக அடுக்கிப் பட்டுத்துணியால் மூடினேன். அம்மன் ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு தப்பு. சமையல்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் அடுப்பை மூட்டி, உலை கொதிக்க, அரிசியைக் காணாமல் எஸ்டேட் முழுக்கத் தேடியிருக்கிறார். நாலாவது லயத்து வீடுகளுக்கு எதிரே ஊர்வலம் ஆரத்திக்கு நின்றபோது, தன் ஆட்களோடு பின்னால் வந்து துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். "அட, ஏறவே வேணாம், தோளுக்குச் சரியா இருக்கே!" என்று ஒவ்வொரு மூட்டையாக உருவத் தொடங்கினார். என் தொழிலில் பின்பக்க உயரத்தை முதன்முதலாகப் பாராட்டிய மனிதர் அவர். அதைக் கேட்டு மகிழ நான் அங்கே இல்லை. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் நின்ற ஜனங்களுக்கு மூட்டை எங்கே தெரியும்? கற்பூரம் எரிகிறது, மேளம் அடிக்கிறது, அம்மன் மெல்ல, மிக மெல்ல, அவர்களை நோக்கிக் குனிகிறாள். முதலில் மேளம் நின்றது. பிறகு, "ஆத்தா!" என்று ஒரே கூச்சல். மண்டோர் வீரப்பன் என்று ஒருவர். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கி வாங்கி, யார் வணக்கம் சொன்னாலும் தலையைக்கூட அசைக்காதவர். அந்த மனிதர் தடாலென்று தார் ரோட்டில் விழுந்து கும்பிட்டார். எழுந்து, பக்கத்தில் நின்ற ரப்பர் பால் வெட்டும் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கண்ணாடி வழியே அதைப் பார்த்து, பின்பக்கம் தூக்குவதும் புரிந்து, நானும் கும்பிட்டேன். கயிறு தாங்க வேண்டுமே என்ற பயமும் அதில் பாதி.

அம்மனைக் கோயிலில் இறக்கி வைத்ததும் கிராணியைத் தனியாக அழைத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஐயா, அது ஆத்தா இல்லீங்க, பட்டை. நாளைக்கே இறக்கிடறேன்." அவர் மண்டோர் வீரப்பனைத் திரும்பிப் பார்த்தார். மண்டோர் தன் கையால் ஆட்களுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலியோடு நின்ற சரோஜா, இறக்கு என்று அவர் சொல்வார் என ஆவலாகப் பார்த்தாள். கிராணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாலு வண்டியும் திங்கட்கிழமை வரும், அதுக்கெல்லாம் ஒத்தைப் பட்டையே போடு. உன் வண்டியில மட்டும் கையை வெச்சே, தொலைச்சிடுவேன். அடுத்த வருசமும் ஆத்தா குனியணும் லா."

ஆக, இத்தனை வருடத் தொழிலில் பின்பக்கம் உயரம் என்று என்னைத் திட்டாத ஒரே வாடிக்கையாளர் மாரியம்மன்தான், அதுவும் ஏற்றி இறக்குகிற வேலையை நாங்களே பார்த்துக்கொண்டதால்.