அண்ணனின் குரல் இருந்த கணினி

குவைத்தில் டிரைவராக இருந்த அண்ணன், எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்பதற்காகவே வடமாலபேட்டை வீட்டுக்குக் கணினி வாங்க வைத்தான். அங்கேயே மாரடைப்பில் போய்விட்டான். சென்னை விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அம்மா அவனைக் கடைசியாகப் பார்த்தது கணினியில்தான். அவன் அனுப்பிய ஒரு வீடியோவைத் தினமும் சாயங்காலம் போடச் சொல்வாள். அடுப்பில் எதையோ கிளறியபடி, "நம்மூரு ஜாத்திரைத் திருவிழாவுக்கு வந்துடறேம்மா, சும்மா அழுதுகினு இருக்காதே" என்பான் அதில்.

அவன் படத்தைப் பெரிதாக்க ஸ்டூடியோவுக்குப் போய்வந்த பென் டிரைவில் வைரஸ் ஏறி வந்துவிட்டது. ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அதே பெயர்களில் ஷார்ட்கட்டுகள் மட்டும் நின்றன. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. புத்தூர்க் கணினிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணிடலாம் சார், எல்லாம் கிளீன் ஆயிடும்" என்றார். எல்லாம் என்றால் அண்ணனும்தான். கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அப்போது எனக்குத் திருப்பதியில் வேலை. அலுவலகக் கணினியில் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றை இறக்கி, சிடியில் பதிந்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்கு வந்தேன். இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் ஸ்கேன் ஓட்டினேன். பிடித்ததையெல்லாம் அழித்தது. மறுபடி ஆன் செய்தால் அத்தனை ஷார்ட்கட்டும் திரும்ப வந்து நின்றன. இன்னொரு சிடியும் கையில் இருந்தது. கணினி வழக்கம்போல விழிப்பதற்கு முன்பே சிடியிலிருந்து கிளம்பி, ஒளிந்திருப்பதைத் தேடும் இலவசக் கருவி அது. அதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஆமை வேகத்தில் போனது.

"கெடைச்சானாடா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அண்ணி அன்று முழுதும் அந்த அறைப்பக்கம் வரவில்லை.

வெயில் தாழ்ந்தபோது வைரஸ் ஒழிந்தது. மறைந்த ஃபோல்டர்களை வெளியே கொண்டுவரும் கட்டளையை அடித்தேன். ஒவ்வொன்றாக வந்தன. வீடியோவும் ஓடியது. அம்மா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் முகம் கழுவப் பின்பக்கம் போனேன். அண்ணி துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"தம்பி, அது போயிருந்தா நல்லா இருந்திருக்கும்."

எனக்குப் புரியவில்லை.

"வர்றேன் வர்றேன்னு தெனம் சொல்லிக்கினே இருக்காரு. அந்தக் குரலு கேட்டதும் எம்புள்ள ஓடிப்போய் வாசல்ல நின்னுகினு பாக்குது. அப்பா எப்பிடிடா கண்ணு வருவாருன்னு நான் எத்தினி வாட்டி சொல்றது?"

உள்ளே அண்ணன் மறுபடி பேசத் தொடங்கியிருந்தான். நான் போய் ஒலியைக் குறைத்தேன். அம்மா என்னை முறைத்தாள்.

அவளிடம் அண்ணி சொன்னதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுபடி கெட்டுப்போனால் என் பக்கத்தில் இருப்பது நல்லது என்று சொல்லிக் கணினியைத் திருப்பதிக்கு எடுத்துப்போனேன். அம்மாவும் அதன் பின்னாலேயே வந்துவிட்டாள். சில மாதங்களில் அண்ணியும் வரதய்யபாளையத்துத் தாய்வீட்டுக்குப் போய், பக்கத்தில் புதிதாக வந்திருந்த கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர முடிவு செய்தாள்.

ஊர் வீட்டைக் காலி செய்யப் போன அன்று, அந்த வீடியோவை ஒரு சிடியில் போட்டு எடுத்துவர அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். அதை அண்ணியின் கையில் வைத்து, "புள்ளைக்கு அப்பன் மொகம் மறந்துபூடும்மா" என்றாள்.

அண்ணி சிடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களே வச்சிருங்க அத்தே. பெரியவனாயி அவனே கேட்டா குடுக்கலாம்."

அம்மா குழந்தையைத் தூக்கி, பஸ் வரும்வரை இறக்கிவிடாமல் வைத்திருந்தாள்.