ரோபோ கன்னத்தில் நான் வைத்த பொட்டு

கும்மிடிப்பூண்டியில் தண்ணீர் தேங்கிய பொட்டலில் வெல்டிங் ஷெட் போட்டவன் நான். பெரியபாளையத்தில் ஆடிக் கூட்டத்துக்கு வரிசைக் கம்பி அடித்துக் கொடுத்தவன் நான். மணவாள நகரில் மாடி வீடு எழுப்பியதும், மகனை இன்ஜினியர் ஆக்கியதும் நான்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. உருப்பட மாட்டான் என்று சொன்ன சொந்தக்காரன் வாயையெல்லாம் வெல்டிங் வைத்து அடைத்தேன்.

மகனுக்கு விண்வெளிக் கதைப் பைத்தியம். அவனைப் போன்றவர்கள் வருஷா வருஷம் சென்னையில் வேஷம் கட்டிக்கொண்டு கூடுகிறார்கள். அந்தக் கதைகளில் யார் யாரோ வருகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் உயிர், மனுஷனாக ஆசைப்படும் ரோபோதான். கூட்டத்தில் நிறுத்த அப்படி ஒன்று ஆள் உயரத்துக்கு வேண்டும் என்றான். தகரத்தை வளைத்துப் பற்றவைத்து நானே செய்தேன்.

என் ஷெட்டிலிருந்து எந்த மெஷினும் திருஷ்டிப் பொட்டு இல்லாமல் வெளியே போனதில்லை. இதற்கு முகம் இருந்தது. கன்னத்தில் மையால் வைத்தேன்.

மகன் பதறினான். "இன்னா நைனா, இது இன்னா கொழந்தையா? சிரிப்பானுங்க, தொடைச்சிடு."

"கண்ணு பட்டு புட்டுக்கினா நீயா வந்து ஒட்டுவ? கம்முனு ஏத்திக்கினு போடா."

நானும் கூடவே போனேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அந்தப் பொட்டைத் தொட்டு, "ஐயோ, இத யாரோ பெத்து அனுப்பிச்ச மாதிரி கீதே" என்று கண் கலங்கினாள். அப்போதுதான் எனக்கே விளங்கியது. மனுஷனாக ஆசைப்படுகிற ஜடம் வேறென்ன கேட்கும்? தன்னை யாராவது பிள்ளை என்று நினைக்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் கன்னத்தில் கறுப்புப் பொட்டு.

மேடையில் மைக்கை நீட்டி, பொட்டு யார் யோசனை என்று கேட்டார்கள். மகன் ஒரு நொடி என்னைப் பார்த்தான்.

"என் கான்செப்ட்தான். இவரு ஃபேப்ரிகேஷன்ல ஹெல்ப் பண்ணாரு."

கைதட்டினார்கள். இவராம். நைனா என்றுகூட அவன் வாயில் வரவில்லை.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "ஸ்டேஜுல அதெல்லாம் வெளக்கிக்கினா இருக்க முடியும்? உனக்கு எதுக்கு நைனா பேரு?" என்றான்.

"பெத்தவன் பேரு சொல்ல வெக்கமா கீதா?"

அவன் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான்.

இப்போது அந்தப் பொட்டு வைத்த முகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். இந்த வருஷமும் என் ரோபோ மேடை ஏறப்போகிறது. கூட்டம் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன், அதன் பக்கத்தில் வைக்கும் பலகையில் என் பெயர் இருக்க வேண்டும். உதவி என்று அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். செய்தவர், பொட்டு வைத்தவர் என்று பெரிதாகப் போடுங்கள். அதை மைக்கில் என் மகனே படிக்க வேண்டும், எங்க நைனா என்று சொல்லி.