எல்லாப் பாட்டும் அஞ்சு கட்டை

ஆயுத பூஜையன்று மத்தியானம் சகாயராஜ் வேலையை விட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது, கதிர்வேல் மவுத் ஆர்கனைத் தொடையில் தட்டி எச்சிலை உதறிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஐந்து வருடம் அடுத்தடுத்த மெஷினில் வேலை பார்த்தவர்கள்.

நல்லூரில் எங்கள் தெருக்கோடியில் உள்ள அந்த நிட்டிங் யூனிட்டில் இரண்டே மெஷின்கள். வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பனியன் துணி பின்னும். நடுவில் நிறுத்தினால் துணியில் ஒரு கோடு விழும் என்பதால் யாரும் நிறுத்துவதில்லை. மாடியறையில் கதிர்வேல் குடியிருக்கிறார். தரை வழியாக ஏறிவரும் அந்த ரீங்காரத்தில்தான் சாப்பாடு, தூக்கம், எல்லாம். வயது நாற்பத்து மூன்று. அவருக்குப் பெண் பார்ப்பதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். காங்கயம் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்கு அவர் போவதில்லை. "போனா ஜாதகத்தப் பத்தித்தானுங்க பேசுவாங்க."

பல தேசம் சுற்றிவிட்டுத் திரும்பி, மறுபடி எங்கே போகலாம் என்று நான் அலைபாய்ந்துகொண்டிருந்த நாட்களில், அவர் வாசிப்பது கேட்டுப் போய் நின்றேன். ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயர இசை. போன் வீடியோவில் யாரோ ஒரு கிழவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். "அவுரு பேசறது ஒண்ணும் புரியலீங்க அம்மிணி. மூச்சு மட்டும் புரிஞ்சுது."

பாட்டின் சுருதியை அவர் காதாலேயே பிடிப்பார். முதலில் கண்ணை மூடி, தொண்டைக்குள் ஒரே ஸ்வரத்தை 'ம்ம்' என்று இழுப்பார். பாட்டோடு அது முட்டினால் சற்று ஏற்றுவார், இறக்குவார். முட்டாமல் உட்காரும் இடம் வந்ததும் புருவம் தளரும். "இதானுங்க பாட்டோட ஊடு. எங்க சுத்துனாலும் கடைசில இங்கதான் வந்து படுக்கும்." பிறகு அது எத்தனை கட்டை என்று சொல்லி, அதற்கேற்ற மவுத் ஆர்கனை எடுப்பார். அஞ்சு கட்டைப் பாட்டுக்கு ஒரு கட்டை ஆர்கன், ரெண்டு கட்டைப் பாட்டுக்கு அஞ்சு கட்டை ஆர்கன். "ஊடு ஊதற ஓட்டையில இருக்கக்கூடாதுங்க. இழுக்கற ஓட்டையில இருக்கோணும். அப்பத்தான் பாட்டு அழுவும்."

அவரிடம் ஒரு கட்டையும் அஞ்சு கட்டையுமாக இரண்டு ஆர்கன்கள் உண்டு. அஞ்சு கட்டை ஆர்கனின் பெட்டி மட்டும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. "தேவைப்படலீங்க. எல்லாப் பாட்டும் அஞ்சு கட்டைதான் வருது. ஒரு கட்டை ஆர்கனே போதுமுங்க."

சகாயராஜ் பாடுவார். கம்பெனி வேனைத் தவறவிட்டதைப் பற்றி அவரே கட்டிய பாட்டு: 'வேனு போச்சே, வேனு போச்சே, வெள்ளன வந்தும் வேனு போச்சே.' மெஷின் இரைச்சலில் அவர் பாட, இவர் இழுக்க, தெருவே நின்று கேட்கும்.

அந்தப் பூஜையன்று சந்தனமும் மாலையுமாக மெஷின்கள் ஓய்ந்து நின்றன. கிளம்புமுன் கடைசியாக ஒரு தடவை என்று சகாயராஜ் ஆரம்பித்தார். ஆர்கன் ஒட்டவேயில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள். அப்போதும் இல்லை.

"சுதிய உட்டுப்போட்டீங்க" என்றார் கதிர்வேல்.

"நான் விடல அண்ணாச்சி. அஞ்சு கட்டை உங்க மெஷினுக்கு. அது ஓடும்போது நானும் அதோட சேந்து பாடுதேன், அவ்வளவுதான்." பொரியை வாயில் போட்டுக்கொண்டு சகாயராஜ் சிரித்தார். "வீட்டையே ஊடுங்கீங்க. பாட்டோட வீடு மட்டும் ஒழுங்காத் தெரிஞ்சிருமாக்கும்!"

எத்தனையோ முறை சேர்ந்து சிரித்த கேலிதான். அன்று கதிர்வேலின் முகம் இறுகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு அவர் போகவில்லை.

பொங்கல் விடுமுறையில் மெஷின்கள் நின்றன. எல்லோரும் ஊருக்குப் போய்விட, யூனிட்டில் அவர் மட்டும். நான் பொங்கல் கொண்டுபோனபோது வேன் பாட்டைத் தானே முனகிக்கொண்டிருந்தார். "அம்மிணி, அவுரு சரியாத்தானுங்க பாடியிருக்காரு. நாந்தான் அஞ்சு வருசமா மெஷினுக்கு வாசிச்சிருக்கறேன்." இதைச் சொல்லச் சகாயராஜுக்குப் போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஊரில் அண்ணனோடு மீன்பிடிப் படகுக்குப் போவதாக யாரோ சொன்னார்கள். அதன் பிறகு மதிய வேளையில் ஆர்கன் கேட்பது நின்றது.

ஆடிக் காற்றில் தெருவெல்லாம் பஞ்சு பறந்த ஒரு நாள், நான் யூனிட்டில் சும்மா போய் நின்றிருந்தேன். அவர் போனில் புது எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கீழே ஒரு வரி: 'அண்ணாச்சி, இப்ப எத்தன கட்டை?'

போனைக் காதில் அழுத்தினார். 'வேனு போச்சே' என்பது மட்டும் மெஷின் இரைச்சலுக்குள் தேய்ந்து கேட்டது. தொண்டைக்குள் 'ம்ம்' என்று இழுத்துப் பார்த்தார். புருவம் தளரவில்லை.

எழுந்துபோய் முதல் மெஷினின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பிறகு இரண்டாவதையும். முதலாளி ஈஸ்வரமூர்த்தி உள்ளேயிருந்து, "ஏனுங்க கதிர்வேலு, கரண்டு போயிருச்சா?" என்று குரல் கொடுத்தார். கதிர்வேல் போனைப் பஞ்சு மூடிய மேசைமேல் வைத்து, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே பிரிக்காமல் கிடந்த அந்த அஞ்சு கட்டை ஆர்கன் பெட்டியின் பிளாஸ்டிக்கை நகத்தால் கிழித்தார்.