என் மக வாய் திறந்த மத்தியானம்

போன வருஷம் ஏ.எல். பரீட்சை ரிசல்ட் வந்த அன்னைக்கே என் மூத்த மக ஜெனி பேச்சை நிறுத்திட்டா. எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள்ல அந்தளவு படிச்ச முதல் பொம்பளப் புள்ள அவதான். கெம்பஸ் போய் பட்டம் வாங்குவான்னு எல்லாருமே எதிர்பார்த்தாங்க. மார்க் பத்தல. படுத்தவ எழும்பல. சோறு வச்சா வச்சபடியே கிடக்கும்.

காத்துக் கருப்புன்னாங்க. சோம்பேறித்தனம்னாங்க. நானும் சும்மா இருக்கல. "அட்டைக்கடியில நான் கொழுந்து பறிக்கிறது யாருக்காகடீ?"ன்னு கத்தினேன். அந்தப் பேச்சை இன்னும் என்னால மறக்க முடியல.

அஞ்சு மாசம் ஜெபிச்சேன். "ஆண்டவரே, அவளப் பேச வைங்க." வெள்ளிக்கிழமை தவறாம உபவாசம். ஒண்ணும் நடக்கல. கடைசியில முழங்கால் போடவும் தெம்பில்லாம போச்சு.

ஒரு நாள் மத்தியானம் மழைக்கு வேலையை நிப்பாட்டி எங்களை அனுப்பிட்டாங்க. ஈரச் சீலையோட அவ பக்கத்துல உக்காந்தேன். திட்டவும் சத்தில்ல, ஜெபிக்கவும் சத்தில்ல. சும்மா அவ கால் மேல கையை வச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு அவ குரல் கேட்டுச்சு.

"அம்மா, எனக்கு உசுரோட இருக்கவே பிடிக்கலம்மா."

நான் கேட்ட பேச்சு இதுவா ஆண்டவரே! ஆனா கத்தல. அன்னைக்கு என் வாயை அவர்தான் அடக்கி வச்சார். "எத்தனை நாளா இப்பிடி இருக்கு கண்ணு?"ன்னு மட்டும் கேட்டேன். அவ சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு நிமிஷமும் அவளைத் தனியா விடல.

மறுநாள் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகல. ரெண்டு பேரும் பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். அங்க பெரும்பாலும் சிங்களத்துலதான் பேசுவாங்க, எனக்கு அது அரைகுறை. மனசுல உள்ளதை எப்பிடிச் சொல்றது? "எங்க பேச்சு புரியிற ஒருத்தரை வைங்க"ன்னு வழி முழுக்க ஜெபிச்சேன்.

உள்ள இருந்தது யாழ்ப்பாணத்து டொக்டரம்மா. "அவசரமில்லை பிள்ளை, ஆறுதலாக் கதையுங்கோ"ன்னாங்க. என்னை வெளிய இருக்கச் சொன்னாங்க. வாங்குப் பலகையில உக்காந்து அழுதேன். பிறகு கூப்பிட்டுச் சொன்னாங்க: "இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம்தான் அம்மா. பிள்ளையில பிழையில்லை. சுகப்படுத்தலாம்."

ஒரே நாள்ல அற்புதம் நடந்துச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மாசா மாசம் கிளினிக் போறோம். மாத்திரை போடுறா. சில நாள் இன்னும் எழும்ப மாட்டா. எனக்கும் களைப்புதான். ஆனா இப்ப, "அம்மா, இன்னைக்கு மனசு சரியில்லை"ன்னு சொல்லிடுறா. கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு உக்காந்துடுவேன். நல்லா இருக்கிற நாள்ல தோட்டத்து முன்பள்ளிக்குப் போய் சின்னப் புள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்குறா. அந்தச் சத்தம் நான் கொழுந்து பறிக்கிற மலை வரைக்கும் கேக்குது. ஸ்தோத்திரம் ஆண்டவரே!

உங்க வீட்லயும் பேச்சு கொறஞ்ச புள்ள இருக்கலாம். நம்பி ஜெபிங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க. டொக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க, அதுல வெக்கமே வேணாம். பதுளைக்குத் தனியாப் போகப் பயமா இருந்தா என்னைக் கூப்பிடுங்க. நான் கூட வர்றேன்.