அந்த அக்கா கேட்காத லீவு

எங்கள் கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி பொய் சொன்னார். பதினோரு பேரை வேலையை விட்டு அனுப்புவதற்காகச் சொன்ன பொய் அது. அதை எழுதிக் கொடுத்த கை என்னுடையது. அதனால்தான் இதை நானே எழுதுகிறேன்.

நடந்தது போன வருடம், ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குக் காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வரும். வாலாஜாபாத் வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் எங்களை இறக்கிவிடும். நான் டிப்ளமா படித்தவன். அங்கே என் வேலை, இரும்புத் துண்டில் போட்டிருக்கும் துளைக்குள் ஓர் அளவுக் கம்பியை விட்டுப் பார்ப்பது. நுழைந்தால் பச்சைப் பெட்டி, நுழையாவிட்டால் சிவப்புப் பெட்டி. ஆறு வருடமாக இதுதான். இதற்கு டிப்ளமா தேவையில்லை. அரைத் தூக்கத்தில்கூடச் செய்யலாம், செய்தும் இருக்கிறேன்.

விட்டுவிட்டுப் போக நினைக்காமல் இல்லை. ஆனால் வண்டி விற்பனை படுத்துவிட்டது. எந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றாலும் செக்யூரிட்டியே பயோடேட்டாவை வாங்காமல் திருப்பி அனுப்பினார். இருக்கிறதைப் பிடித்துக்கொள் என்று வீட்டில் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். பிடிக்காத வேலையைப் போய்விடுமோ என்ற பயத்தோடு பார்ப்பது போல ஒரு கேவலம் கிடையாது.

ஆடியில் ஆர்டர் பாதியானது. கான்ட்ராக்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். பஸ் வந்து நிற்கும், எல்லோரும் கார்டு தேய்க்கும் இடத்துக்குப் போவார்கள், சூப்பர்வைசர் குறுக்கே வந்து இன்றைக்கு லோடு இல்லை, வேலை கிடையாது என்பார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திரும்பிப் போகும் முன் ஒவ்வொருவரும் லீவு லெட்டர் கொடுக்க வேண்டும். வேலை இல்லை என்று கம்பெனி திருப்பி அனுப்பினால் அதற்குக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். தொழிலாளியே லீவு கேட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். கணக்கு அவ்வளவுதான்.

லெட்டர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றார் எச்.ஆர். அதிகாரி. என் கையெழுத்து நன்றாக இருக்கும். என்னைக் கூப்பிட்டு கேன்டீன் மேஜையில் உட்கார வைத்தார். நான் எழுதுவேன், அவர்கள் தமிழில் கையெழுத்துப் போடுவார்கள். முதல் வாரம் எல்லா லெட்டரிலும் சொந்த வேலை என்று எழுதினேன். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா ஆடிட்ல கேப்பாங்க. கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதுங்க" என்றார்.

மாற்றி எழுதினேன். காய்ச்சல், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா, கொழுந்தனுக்குப் பெண் பார்ப்பது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கம்பெனியில் என் மூளைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. போன வாரம் யாருக்கு என்ன எழுதினோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, அதே காரணம் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்வேன். என்னைக் கெட்டிக்காரன் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்களும் சிரிப்பார்கள். வேறு என்ன செய்வார்கள்.

"தம்பி, இன்னிக்கு யாரைச் சாவடிக்கப் போற?" என்பார் ஒருவர்.

"எம் மாமியாரை ரெண்டு தபா சாவடிச்சிட்டான்டி. மூணாவது தபாவாச்சும் நெசமாவுதான்னு பாக்கறேன்" என்பார் இன்னொருவர்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். காவாந்தண்டலத்திலிருந்து வரும் ஓர் அக்கா. நிலம் இல்லாத குடும்பம். இங்கே வருவதற்கு முன்னால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். மூன்று வருடம் ஒழுங்காக வந்தால் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும் என்று சேர்க்கும்போது சொல்லியிருந்தார்கள். தைக்கு மூன்று வருடம் முடிய வேண்டியது. அதற்காகக் காய்ச்சலோடுகூட வந்து நிற்பார். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"இன்னா எழுதிக்கிற தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு காரணம்."

சிரிக்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுவேன், அவருக்கு மட்டும் ஒரு நாளும் படித்துக் காட்டவில்லை. அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதிவிட்டுப் போவார்.

ஐப்பசியில் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அடிக்கடி லீவு எடுப்பவர்கள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பதினோரு பெயர். அந்த அக்கா பெயர் நாலாவது. மற்றவர்கள் அங்கேயே நின்று அழுதார்கள். அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார். "நீ வா. எழுதினவன் நீதான, வந்து சொல்லு" என்று எச்.ஆர். அறைக்கு அழைத்துப் போனார்.

அதிகாரி பைலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். "நாலு மாசத்துல இருபத்தேழு நாள் லீவும்மா. பொண்ணுக்கு வயித்துவலி. குலதெய்வம் கோயில். அம்மாவுக்குக் காரியம். இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்துதான் சார். எங்கம்மா உசுரோட கீது. காலைல எனக்கு நாஷ்டா கட்டிக் குடுத்ததே அதுதான்."

"அப்போ பொய் லெட்டர் குடுத்திருக்கீங்க. அது இன்னும் பெரிய தப்பு."

மாற்றி எழுதச் சொன்ன மனிதர் இதைச் சொன்னார். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

அக்கா விடவில்லை. "சரி சார், லீவு எடுத்தவ எதுக்கு விடிகாலைல எழுந்து உங்க பஸ்ல ஏறிக்கினு வருவா? அன்னன்னிக்கு எத்தினி பேர் வந்தோம், எத்தினி பேர் திரும்பிப் போனோம்னு டிரைவர் நோட்டுல எழுதிக்கினுதான கீறாரு. அந்த நோட்ட எடுத்துப் பாருங்க."

அந்த அறையில் பேசப்பட்ட ஒரே நியாயமான பேச்சு அதுதான். டிப்ளமா படித்த எனக்கு நாலு மாதத்தில் அது தோன்றவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இவங்க சொன்னதைத்தானே எழுதினீங்க?"

அக்கா சொல்லவில்லை, நீங்கள்தான் எழுதச் சொன்னீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு வரி. பன்னிரண்டாவது பெயராக நான் சேர்ந்திருப்பேன். எனக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பயோடேட்டாக்கள் ஞாபகம் வந்தன.

"சரியா ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாபகம் இல்லையா? எங்கம்மாவைச் சாவடிக்கறப்ப மட்டும் ஞாபகமா எழுதினியே." அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவாந்தண்டலம் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லலாம், நிஜத்தில் வீட்டில் உட்கார முடியவில்லை. அக்கா அப்போதுதான் நடவிலிருந்து வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலில் அவருடைய அம்மா உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இவன்தாம்மா உன்ன சாவடிச்சவன்" என்றார் அக்கா.

அந்த அம்மா முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். "இன்னாத்துல செத்தேன்னு எழுதின நைனா?"

அதைக்கூட யோசிக்காமல் எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஒரு வெள்ளைத்தாளில், தமிழில், நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதினோரு பேரும் ஒரு நாளும் லீவு கேட்கவில்லை, காரணங்கள் எல்லாம் நான் கற்பனையாக எழுதியவை, எழுதச் சொன்னவர் இவர் என்று எழுதி, என் பெயரைப் போட்டு எச்.ஆர். அறையில் கொடுத்தேன். ஒரு நகல் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். இன்றுவரை எந்தப் பதிலும் வரவில்லை. என்னையும் நீக்கவில்லை. நீக்கினால் காரணம் எழுத வேண்டுமே, அந்தக் காரணத்தை எழுத அவர்களுக்கு இப்போது ஆள் இல்லை.

நான் இன்னும் அதே மேஜையில் அதே துளைக்குள் அதே கம்பியை விட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா வயலில் நிற்கிறார். தை வந்தது, போனது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு மனிதனை எவ்வளவு சுலபமாக இன்னொருவர் வேலையைப் பறிக்க வைக்கும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, என் கையாலேயே எழுதித் தெரிந்துகொண்டேன்.

அந்த அதிகாரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. படித்தால் தான்தான் என்று அவருக்குத் தெரியும். என் பங்குக்கான பதிலை நான் சொல்லிவிட்டேன். அவர் பங்கு பாக்கி இருக்கிறது. அறைக்குள் உட்கார்ந்து பைலைப் புரட்ட வேண்டாம். ஒரு நாள் மதியம் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் கேன்டீனுக்கு வரட்டும். அந்தப் பதினோரு பேரையும் கூப்பிடட்டும். பஸ் டிரைவரின் நோட்டை அவர்கள் முன்னால் விரித்து வைத்துவிட்டு, அந்த இருபத்தேழு நாளும் அக்கா லீவு எடுத்தாரா, இல்லை கம்பெனியிடம் கொடுக்க வேலை இல்லையா என்று ஊர் கேட்கச் சொல்லட்டும்.