பெண்கள் ஆட்டத்துக்கு நின்ற கூட்டம்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு புல்வெளி மைதானத்தின் ஓரம் நிற்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு கல்லூரிகளுடைய பழைய மாணவிகளும் அவர்களின் மகள்களும் கால்பந்து ஆடுகிறார்கள். ஆண்களின் ஆட்டம் முடிந்து அரை மணி நேரமாகியும் கூட்டம் கலையவில்லை.

பக்கத்தில் நிற்கும் வதனி அக்கா ஆஸ்பத்திரியில் தாதி; இங்கே பச்சைச் சட்டை அணியின் பொறுப்பாளர்.

"போன வருசம் ஆம்பிளையளின்ரை ஆட்டம் முடிஞ்ச உடனை நேரலை போடுற தமிழ் வானொலிக்காரர் கமராவைக் கழட்டிக்கொண்டு போட்டினம். சனமும் போட்டுது. நாங்கள் போனிலையே லைவ் போட்டம். ஊரிலையிருந்தும் கன சனம் பாத்ததாம்."

"இந்த முறை?"

"வானொலிக்காரர் தாங்களே கேட்டு வந்திட்டினம். அங்கை பாருங்கோ!"

கடைசி நிமிடத்தில், பச்சை அணியில் ஆடும் வதனி அக்காவின் மகள் அடித்த பந்து வலைக்குள் பாய்கிறது. வானொலி வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்துகிறார். தோற்ற கல்லூரியின் ஆட்களும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வதனி அக்கா அழுதுகொண்டே சிரிக்கிறார்.

வர்ணனையாளர் ஓடிவந்து மைக்கை நீட்டுகிறார்.

"நேயர்களுக்கு என்ன சொல்லப்போறியள், அக்கா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேமராவைப் பார்க்கிறார்.

"அடுத்த வருசம் ஆம்பிளையள் காலமை வெள்ளன விளையாடி முடிக்கட்டும். பின்னேரம் முழுக்க எங்களுக்கு வேணும்."